அண்ணன் கொட்டகைக்குத் தேடிய ஜீவன்

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட ஆசைப்பட்டோம். வீடு முழுக்கத் தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நீங்கள் பார்க்கிற படத்திலும் ஒரு கால் வாசல் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் நீங்களும் அவரை அப்படித்தான் பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் அச்சன்புதூரில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், வயலையும் தங்கையான என்னையும் பார்த்துக்கொண்டே படித்துக் காவல்துறையில் சேர்ந்தார். என் கல்யாணத்தை முடித்த பிறகுதான் மதினியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அந்த நன்றியை எழுதித் தீர்க்க முடியாது. ஊர் ஊராக மாறுதலாகியே உடம்பு பழகிவிட்டதோ என்னவோ, ஏட்டாக ஓய்வு பெற்று வந்தவரால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. குளத்தை ஒட்டிய எங்கள் ஒன்றரை ஏக்கரில் கொட்டகை போட்டார். அதில் எதை வளர்ப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

முதலில் ஆடு வந்தது. கோடையில் பார்த்து வாங்கிய ஆடுகள், ஆனியில் சாரல் பிடித்ததும் குளம்பு அழுகி நொண்டின. அவற்றை விற்றுவிட்டு வாத்து வாங்கினார். அவை பக்கத்து வயலில் இறங்கி நாற்றை மிதித்ததில், இருபது வருடச் சிநேகிதரான அந்த வயல்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகு நாட்டுக்கோழி, அதைக் கீரி கொண்டுபோனது. சீமைப்பசு வந்தபோது, விடியுமுன் கறக்க மதினியை எழுப்பிவிட்டு அண்ணன் சந்தை பார்க்கக் கிளம்பிவிடுவார். அதையும் விற்றார். எந்த ஜீவனுக்கும் கொட்டகை பழகுவதற்குள் மாறுதல் உத்தரவு போட்டுவிடுவார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

கால்நடை மருத்துவரிடம் கேட்பார், டீக்கடையில் கேட்பார், செங்கோட்டை பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் கேட்பார். மதினியிடம் மட்டும் கேட்டதில்லை. மதினி பிறந்த பண்பொழி வீட்டில் எப்போதும் எருமை உண்டு. ஒரு நாள் மதினியே, இந்த ஈரத்துக்கும் குளத்துக்கும் எருமைதான் தோது என்று சொல்லிப் பார்த்தார்.

"எருமையா? அது எந்திரிச்சு நிக்கதுக்குள்ள நான் தென்காசிக்குப் போயிட்டு வந்துருவேன்," என்று அண்ணன் சிரித்தார்.

சென்ற ஆண்டு கொட்டகைக்குப் புதிதாகத் தரை போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. தரை காயும் முன்பே நெஞ்சுவலி வந்தது. தென்காசி ஆஸ்பத்திரி வாசலிலும், நான் நடந்தே வருகிறேன் என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாராம். அன்று மாலையே எங்களை விட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் நாங்கள் எல்லாம் பேசி முடித்திருந்தோம். மதினியைப் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன்னோடு அழைத்துப் போவது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது. மதினியின் துணிமணிகூடப் பெட்டிக்குள் போய்விட்டது. பந்தி நடக்கும்போது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் ஒரு சினை எருமை. கொண்டுவந்த வியாபாரி பந்தலையும் மாலை போட்ட படத்தையும் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டார்.

"ஏட்டையா போன் எடுக்கல, தரை காய்ஞ்சிருக்கும்னு கொண்டாந்துட்டேன். வீட்டுல சொல்லாண்டாம், அவளுக்குப் புடிச்சது இதுதான்னு சொன்னாவ," என்றார்.

பந்தியே எழுந்துவிட்டது. எமன் வாகனம் காரிய வீட்டு வாசலில் நிற்பதா என்று ஆளுக்கு ஆள் பதறினார்கள். வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பச் சொன்னார் சித்தப்பா. மகன் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டான். அப்போதுதான் மதினி உள்ளேயிருந்து வந்தார்.

"எமன் வந்துட்டுப் போயிட்டாரு மாமா. இது அவுக அனுப்புனது," என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். எருமை அவசரமில்லாமல் பின்னால் போனது. மதினி பெங்களூருக்குப் போகவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வயல்காரருக்கும், மறுபேச்சில்லாமல் பெட்டியைப் பிரித்துவைத்த மகனுக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று உங்கள் இலையில் விழும் தயிர் அந்த எருமையுடையது. அன்று திருப்பி அனுப்பச் சொன்னவர்களும் கூச்சப்படாமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் இருந்தால் இந்நேரம் பந்தியில் உட்காராமல், அடுத்து என்ன வளர்க்கலாம் என்று இலை இலையாக வந்து கேட்டிருப்பார். எருமையே போதும் என்று சொல்ல மதினி இருக்கிறார். கேட்கத்தான் அண்ணன் இல்லை.