காலி வகுப்பில் கேட்ட குரல்

"தனியா கீறப்ப திக்காம பேசிக்கினு கீதே, அது யாரு டீச்சர்?"

எழுபதுகளில் திருப்புலிவனத்தில் ஒரு தாய் கேட்டாள். அவள் மகள் செல்விக்கு எங்கள் முன்னால் பெயர் சொல்லவே திக்கும். பேய்தான் பேசுகிறது என்று வீட்டில் முடிவுகட்டி, மறுநாள் வேப்பிலை அடிக்கப் பூசாரியிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை வகுப்பைப் பூட்டப் போனேன். உள்ளே தங்குதடையில்லாமல் பாடம் வாசிக்கும் குரல். மங்கிய அறையில் செல்வி மட்டும். எனக்கே சிலிர்த்தது.

தாயை வரவழைத்து ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, செல்வியோடு சேர்ந்து வாசித்தேன். நடுவில் நான் நிறுத்தியும் அவள் குரல் திக்காமல் தொடர்ந்தது.

திரும்பியவள் தாயைப் பார்த்தாள். "அ... அ... அம்மா."

"ஐயே, இது எம் பொண்ணுதான்!"

பூசாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் ஒருவர், "சீக்கிரம் சொல்லுடா" என்று திக்கிய மகனை அதட்டினார். அவரிடம் சொன்னதுதான் உங்களுக்கும்: பிள்ளையோடு ஒரே குரலில் ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள்.