முடிக்காத ஸ்வெட்டர்

முப்பது வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். ஓய்வு பெற்று புதுச்சத்திரம் வீட்டில் உட்கார்ந்தபோது விரல்கள் சிகரெட்டைத் தேடின. அதை நிறுத்தத்தான் ஃபோனில் வீடியோ பார்த்து உல்லன் நூல் பின்னக் கற்றுக்கொண்டேன். முதலில் மஃப்ளர், பிறகு குல்லா. இந்த ஊர் வெயிலில் இரண்டையும் யாரும் போடவில்லை.

மகள் இரண்டாம் முறை கருவுற்றதும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். மார்கழியில் பிறக்க வேண்டிய குழந்தை. யாரிடமும் சொல்லவில்லை. பிறக்கும் முன் குழந்தைக்கென்று எதுவும் எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் முறை மகள் ஆசைப்பட்டு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கியிருந்தாள். ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன். ஆனால் அந்தச் சாக்ஸைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கடையில் வாங்குவதென்றால் பிறந்த பிறகு பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். கையால் செய்வதை முன்பே தொடங்கித்தான் ஆக வேண்டும்.

வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம், பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்ததை மனைவி எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, இது யாருக்கு?"

சொன்னேன். திட்டவில்லை. விரித்துப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"இடது கை மட்டும் பாக்கி."

"அப்ப அப்படியே உடுங்க. முடிக்காத வரைக்கும் இது துணியில்லீங்க, நூலுதான்."

வதந்தி எது, செய்தி எது என்று தினமும் பிரித்த ஆள் நான். சரி என்றேன்.

ஆனால் பின்னாமல் இருக்க முடியவில்லை. மணிக்கட்டு அளவு வந்ததும் பயந்து பிரித்தேன். மறுபடி பின்னினேன். இடது கை நூலில் பிசிர் எழுந்தது. வலது கை புதிதாகவே இருந்தது. வயிற்றில் அசைவு குறைந்ததாக மகள் சொன்ன நாளில் நான்கு முறை பிரித்தேன்.

"ஏம்ப்பா, அந்தக் கையோட என்ன சண்டை உங்களுக்கு?" என்றாள்.

தேதிக்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது. நாமக்கல் மருத்துவமனையில் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். அவசரத்தில் ஸ்வெட்டரையும் ஊசியோடு பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். ஊசியில் மீதியிருந்த எட்டுக் கண்ணிகளை மூடினால் வேலை முடிந்தது. வெளியே காத்திருந்தபோது ஊசியை எடுத்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவு திறக்கும்வரை விடவில்லை.

"பொண்ணுங்க," என்றார் நர்ஸ். "ரெண்டு கிலோ முந்நூறு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"இப்ப முடிங்க," என்றாள் மனைவி.

வேகமாக மூடப் போனதில் இரண்டு கண்ணிகள் நழுவின. முடிக்காமல் ஊசியோடு அப்படியே விட்டேன்.

மாலையில் மகள் அதைக் கேட்டு வாங்கினாள். ஊசியை நான் பிடித்துக்கொள்ள, குழந்தையின் பக்கத்தில் வைத்து அளந்தாள். கீழ் விளிம்பு பாதத்தைத் தாண்டிக் கிடந்தது.

"இவ பள்ளிக்கூடம் போறப்பத்தான் இதப் போட முடியும் போல," என்று சிரித்தாள். தையல் வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரத்தைப் பற்றிக்கூட எங்கள் வீட்டில் யாரும் பேசிப் பல மாதங்களாகியிருந்தன. மகளை அதட்டுவாள் என்று எதிர்பார்த்து மனைவியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூனிஃபாரம் என்ன கலரோ, சாமி," என்றாள்.