மூன்றாவது கேள்வி

இடது கை கைப்பேசியைப் பிடித்திருக்க, வலது கை வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றுகிறது. ஊக்கின் முனை ஓரத்துத் துளைக்குள் இறங்குகிறது. ஓர் அழுத்து. நகத்தளவுத் தட்டு ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. அதிலிருக்கும் சிம் கார்டை விரல் நுனியில் எடுத்து, துண்டுக் காகிதத்தில் வைத்து, மேலே டேப் ஒட்டி, பக்கத்தில் 'ஊர் நம்பர், தொலைக்காதே' என்று எழுதுகிறது. இந்த வேலைக்கென்றே கம்பெனிக்காரர்கள் பளபளப்பான ஊசி கொடுத்திருக்கிறார்கள். அது மேசை இழுப்பறையில் தூங்குகிறது. "ஊசி தொலைஞ்சு போகும். வளையல் தொலையுமா?" என்கிறார் அக்கா.

கேள்விக்கார அக்கா என்றால்தான் இந்தத் தெருவில் தெரியும். துணி துவைக்கும் மெஷின் கடைக்கும் செருப்பு தைக்கும் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க முடியாத ஒரு போன் கடை. பக்கத்துக் கடையில் மெஷின் வேகமெடுக்கும்போது இங்கே சுவரில் தொங்கும் போன் உறைகள் நடுங்கும். கடை தங்கை வீட்டுக்காரருடையது. அவர் உள்ளே உட்கார்ந்து உடைந்த திரைகளை மாற்றுவார். வெளியே வருகிறவர்களோடு பேசுவது அக்காவின் பொறுப்பு.

வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். பெட்டியில் விமான நிலைய அடையாளச் சீட்டு ஒட்டியபடியே இருக்கும். ஆனால் எந்த பிளான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். நாலாக மடித்த விளம்பரத் தாளை நீட்டுவார்கள். அக்கா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தாளைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். "பெரிய எழுத்து ஆசை காட்ட, சின்ன எழுத்து ஆளைக் கட்ட" என்பது அவரே கட்டிய பழமொழி. அன்லிமிட்டட் என்ற சொல்லைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். "அளவில்லாம சாப்பிடுங்கம்பான். கரண்டியை அவன் கையிலயே வச்சிருப்பான்."

பிறகு கேள்விகள். மூன்றே மூன்று.

"யாரோட பேசுவீங்க? அந்தப் பக்கம் இருக்கறது பட்டன் போனா, தேய்க்கிற போனா?" இது முதலாவது.

"ராத்திரி எங்க படுக்கறீங்க? ஜன்னல் இருக்கா?" இது இரண்டாவது. முதல்முறை கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பது தரைக்குக் கீழே உள்ள அறைகள். அங்கே எந்தக் கம்பெனியின் சிக்னல் இறங்கும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கைகளிலும் இரண்டு போன்களோடு யார் வீட்டுக்காவது போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அறிவு அது. "அந்தச் செங்கல் கட்டடமா? அடுப்பு கிட்ட மூணு கோடு, கட்டில் கிட்ட ஒண்ணுமில்ல. இந்தக் கம்பெனி உங்களுக்கு வேணாம்."

மூன்றாவது கேள்வியை, போன வாரம் நான் போன் உறை வாங்கப் போயிருந்த காலையில் அக்கா கேட்கக் கேட்டேன்.

கணவனும் மனைவியுமாக வந்திருந்தார்கள். விளம்பரத் தாள் கணவர் கையில். "ரெண்டு வருஷ ஃபேமிலி பிளான்க்கா. ஒரு போன் சும்மாவே தர்றான்" என்றார், ஏதோ அவரே தருவதைப் போல.

"சும்மாவா? எங்க, அந்தத் தாளைக் குடுங்க."

"தானமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதுன்னு சொல்வாங்கக்கா" என்று சிரித்தார் கணவர்.

பக்கத்தில் நின்ற மனைவி இடைமறித்தார். "நான் பல்லைப் பாத்தே பொழைக்கிறவ. நான் பாக்கறேன்." செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவராம். இங்கேயும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப இருக்கற நம்பரை யார் யாருக்குக் குடுத்திருக்கே?"

"பத்தொன்பது இடத்துல எழுதிக் குடுத்திருக்கேன்."

"எந்த நம்பர்?"

"ஏர்போர்ட்ல வாங்கினது."

"அது ஏழு நாள் சிம்தானேக்கா, இன்னைக்கு முடியுது" என்று இடையில் புகுந்தார் கணவர். "புதுசு போடணுமேன்னு காலையிலயே கழட்டிட்டேன்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. "ஏர்போர்ட்ல எத்தனை மணிக்கு வாங்கினீங்க?"

"மதியம் பன்னண்டு இருக்கும்."

"ஏழு நாள்னா மணிக்கணக்கு தம்பி. பன்னண்டு மணிக்கு அந்த நம்பருக்கு உசிரு போயிடும். அதுக்குள்ள அதை நம்ம பிளானுக்கு மாத்தச் சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு. இல்லேன்னா பத்தொன்பது இடத்துலேர்ந்தும் கூப்பிடுவாங்க, இவ இங்க உக்காந்து காத்துக்கிட்டிருப்பா. சிம் எங்க?"

கணவரின் முகம் மாறியது. சட்டைப்பை, கால்சட்டைப்பை, பர்ஸ். "குப்பையில போட்டேனோ..." என்று இழுத்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய கோட்டைக் கழற்றி வாங்கி ஒவ்வொரு பையாகத் துழாவினார். கடைசியில் பாஸ்போர்ட் உறையின் மடிப்பிலிருந்து சிம் விழுந்தது. விழுந்த இடத்தில் அக்காவின் உள்ளங்கை காத்திருந்தது.

ஊக்கு வேலை செய்தது. போன் உயிர்பெற்ற உடனே ஒரு செய்தி மணியடித்தது. மனைவி படித்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பல் கூடம் ஒன்றிலிருந்து காலை ஒன்பதே முக்காலுக்கு அழைத்திருக்கிறார்கள். பதில் இல்லை. ஒரு மணிக்கு மேல் மறுபடி அழைப்பார்களாம்.

அக்கா உடனே அந்தப் போனை வாங்கிக்கொண்டார். பழைய கம்பெனிக்கு ஒரு செய்தி அனுப்பினார். எண்ணை விடுவிக்கும் குறியீடு வரவேண்டும். அது அந்த எண்ணுக்கு மட்டுமே வரும், அந்த எண் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே வரும். பதினொன்று இருபது. முப்பது. பக்கத்து மெஷின் வேகமெடுத்து உறைகள் நடுங்கி ஓய்ந்தன. பதினொன்று முப்பத்தெட்டுக்கு எட்டு எழுத்துகள் வந்தன. அக்கா அவற்றை ஒரு தடவை எழுதி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, பிறகுதான் கணினியில் ஏற்றினார். பழைய சிம் கணவர் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க கையெழுத்து எனக்கு உதவறது இதான் முதல் தடவை" என்றார் மனைவி. கணவர் வழக்கத்தைவிட அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"எந்த பிளான்க்கா போட்டீங்க?" என்று கேட்டார் மனைவி.

"ஒரு மாசத்துது. பேச்சுக்குக் கணக்கில்ல, இன்டர்நெட் கொஞ்சம். வேலை கிடைக்கட்டும், எங்க போற எங்க வர்றேன்னு தெரியட்டும். அப்புறம் ரெண்டு வருஷத்துக்குக் கழுத்தை நீட்டலாம்."

உள்ளிருந்து தங்கை வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "ஃபேமிலி பிளான் ஒண்ணு போச்சாக்கா?"

"போகல மாப்பிள்ளை. ஆறு மாசத்துல தானா வரும்."

"இப்படியே வித்தா ஆறு மாசத்துல கடை இருக்குமா?" தலை உள்ளே போனது.

காத்திருந்த நேரத்தில் மனைவி கேட்டார்: "இதெல்லாம் கேக்கணும்னு உங்களுக்கு எப்படிக்கா தோணுச்சு?"

அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நானும் வந்த புதுசுல சும்மா போன் வாங்கினவதான். நம்பர் மாறிப் போச்சு. ஒரு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரி சமையல்கூடத்துலேர்ந்து கடுதாசி வந்துது, மூணு தடவை கூப்பிட்டோம்னு. வேலை வாசல் வரைக்கும் வந்து கதவைத் தட்டிட்டுப் போயிருக்கு. அந்த நம்பர் வீட்டைத்தான் நான் காலி பண்ணிட்டேனே." துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார்.

பன்னிரண்டே காலுக்கு எண் கம்பெனி மாறத் தொடங்கி, பழைய சிம்மில் சிக்னல் போனது. புதியதை மாட்டினார். சேவை இல்லை என்றது திரை. பன்னிரண்டரை. கணவர் விளம்பரத் தாளை எட்டாக மடித்திருந்தார். பன்னிரண்டு நாற்பத்தேழுக்குத் திரை மூலையில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு நான்கு.

அக்கா இழுப்பறையிலிருந்து தன் பழைய பட்டன் போனை எடுத்தார். "விண்ணப்பத்துல எழுதினியே, அதைப் பாத்துப் படி. மனசுலேர்ந்து சொல்லாதே." மனைவி ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, அக்கா ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய இடது உள்ளங்கையில் இருந்த போன் அதிர்ந்து, பாடத் தொடங்கியது.

"வந்துருச்சு!" என்று கணவர் கையை நீட்டினார். அக்கா அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஒலித்துக்கொண்டிருந்த போனை, நீட்டிய அந்தக் கைக்கு மேலாகக் கொண்டுபோய், மனைவியின் கையில் வைத்தார். வைத்துவிட்டு, முகம் தெரியாத யாரோ அழைப்பதைப் போல உறைகள் தொங்கும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.