டீச்சருக்கு ஒரு ஸ்டீல் சைக்கிள்

சைக்கிள் கடை நடத்துகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது, பிடிவாதத்தை வைத்துத்தான் புதுக்கோட்டையில் இத்தனை வருஷமாகக் காலம் தள்ளுகிறேன். ஜவுளிக்கடை, செருப்புக்கடை என்று ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, "வேற கலர் இருக்கா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன அன்பர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாருக்குப் புரியப்போகிறது?

தூக்கிப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு கையால் தூக்கி, "வெயிட்டா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். தோளில் போட்டுக்கொண்டா ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். நானும் கேட்காமல் இருந்ததில்லை.

ஸ்டெல்லா டீச்சர் கீரனூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நார்த்தாமலைப் பக்கம் ஆடு மாடு போகிற தடங்களில் சைக்கிள் ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். அங்கே ஒரு செங்குத்தான சரிவுக்குச் சறுக்குப்பாறை என்று நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். போன கோடையில் அதில் இறங்கும்போது டீச்சர் தலைகுப்புற விழுந்தார். காறை எலும்பு முறிந்தது, அலுமினிய பிரேமிலும் விரிசல். எலும்பு கூடிவிட்டது. பிரேம் கூடுமா? அவர் கணவர் அருள்ராஜ் சார், தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வருகிற ஆபீஸ்காரர், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்: இன்னொரு சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் அதை எடைக்குப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். டீச்சரும் சரி என்று தலையாட்டிவிட்டார். ஆக, அந்த அம்மா மறுபடி மலைத்தடத்தில் ஓட்டுவதும் ஓட்டாததும் நான் எடுத்துக் கொடுக்கிற ஒரு வண்டியில் வந்து நின்றது. நான் காட்டியது ஸ்டீல் பிரேம். சார் வழக்கம்போல ஒரு கையால் தூக்கினார், பாதியிலேயே கீழே வைத்தார்.

"என்ன பாய், மலையச் சுத்த சைக்கிள் கேட்டா, மலையவே எடுத்துக் குடுக்குறீங்க?"

பின்னால் ஸ்பிரிங் எங்கே?

சாரின் அடுத்த புகார், முன்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பின்னால் இல்லையே என்பது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த சிவப்பு சைக்கிள் ஒன்றை வேறு எங்கோ பார்த்துவிட்டு வந்திருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நம்ம ஊர்ப் புழுதியில் பின்பக்க மூட்டு எத்தனை நாள் தாங்கும்? பேரிங் போனால் பார்சலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இதில் பின்னால் ஆடுவதற்கே ஒன்றுமில்லை. துடைத்து எண்ணெய் விட்டால் முடிந்தது வேலை. ஸ்டீல் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும், கீறல் விழுந்தாலும் கைதேர்ந்த வெல்டர் ஒட்டிவிடுவார்.

அதைவிட முக்கியம் ஒன்று. இந்தப் பிரேமில் முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க் நன்றாகச் சாய்ந்து, முன் சக்கரம் எட்டி நிற்கும். சரிவில் இறங்கும்போது உடம்பு சக்கரத்தைத் தாண்டிப் போகாது. பழைய வண்டியில் சக்கரம் டீச்சரின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது, கல்லில் முட்டியதும் ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. இதையெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். "அது சரி பாய், பின்னாடி குலுங்குமே?" என்றார் சார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"குலுங்கட்டுங்க. முட்டிய மடக்கி நிக்கத் தெரியாட்டி நான் என்னத்துக்குப் பிள்ளைகளுக்கு டிரில் எடுக்குறேன்?"

இறங்கும் சீட்

அளவு பார்க்கிற விஷயத்தில் நான் யாருக்கும் மசிய மாட்டேன். சீட்டில் உட்காரவைத்து அளவு சொன்னால் அது ரோட்டு சைக்கிளுக்குச் சரி. மலைத்தடத்துக்குப் பெடலில் எழுந்து நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். டீச்சரை ஒரு அளவு வண்டியோடு தெருவுக்கு அனுப்பினேன். அந்த இடைவெளியில் சார் கடைக்குள் நின்ற இன்னொரு அளவு வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ரக சைக்கிளில் ஹேண்டிலுக்கு அடியில் ஒரு குட்டி லீவர் இருக்கும். உட்கார்ந்தபடி அதை அழுத்தினால் சீட் கீழே போய்விடும், சரிவில் இறங்கும்போது இடைஞ்சல் இல்லாமல் இருக்க. சார் அதைப் பெல் என்று நினைத்து அழுத்திவிட்டார். பெல் அடிக்கவில்லை. சீட் அவரையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கீழே போனது. என் மெக்கானிக் முருகேசன் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குப் பின்னால் ஓடிவிட்டான். சார் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல பாய், அதுவா எறங்கிருச்சு!"

ஆக்சா பிளேடு

டெலிவரி அன்று முருகேசன் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான், டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு அதன்மேல் ஏற்றி நசுக்கினார், நான் பிஸ்மி சொல்லி அனுப்பிவைத்தேன். இனி எந்தக் குறையும் வராது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றார். "லேசாத் திருப்பினாலே வெடுக்குனு ஒடிச்சுக்குது பாய்" என்றார். பார்த்தேன். ஹேண்டில் இரண்டு பக்கமும் கையகலம் அறுபட்டிருந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டு கிரில் கேட் ஒடுக்கம். அகல ஹேண்டிலோடு வண்டி நேராக உள்ளே போகாது, கழுத்தைத் திருப்பித்தான் நுழைக்க வேண்டும். முறிந்து கூடிய தோள்பட்டையை வைத்துக்கொண்டு பெண்டாட்டி கஷ்டப்படுகிறாளே என்று சார் தானே உட்கார்ந்து ஆக்சா பிளேடால் ஹேண்டிலை அறுத்து, கைப்பிடியைத் திரும்ப அழகாக மாட்டியும் வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கல்லில் முட்டும்போது முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதே அந்த அகலம்தான்! போனைப் போட்டுக் கத்தினேன். புது ஹேண்டில் வர நாளாகும், டீச்சரோ வரும் ஞாயிறு சறுக்குப்பாறையில் இறங்கியே தீருவேன் என்று நின்றார். என் சைக்கிள் ஹேண்டிலைக் கழற்றி அவர் வண்டியில் மாட்டினேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே முருகேசன் சொன்னான்:

"சார் நல்லவருதான் பாய். நல்லவுக கையிலதான் ஆக்சா பிளேடக் குடுக்கக் கூடாது."

சறுக்குப்பாறை

அந்த ஞாயிறு சாரும் வந்தார். தண்ணீர் பாட்டில், பஞ்சு, மருந்து எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு சரிவின் அடியில் போய் நின்றுகொண்டார். டீச்சர் விளிம்பு வரை வந்து பிரேக் பிடித்து நின்றார். திரும்பிப் போய் மறுபடி வந்தார், மறுபடியும் நின்றார். "இன்னொரு நாள் பாத்துக்கலாம் டீச்சர்" என்றேன். "சும்மா இருங்க பாய்" என்று ஒரு அதட்டல். பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயை மூடிக்கொண்டேன்.

சீட்டை இறக்கினார், பெடலில் எழுந்து நின்றார், இறங்கிவிட்டார். அவர் விழுந்தாரே அந்தக் கல், அதே கல்லில் முன் சக்கரம் மோதியது. ஹேண்டில் ஒரு உதறு உதறியது. யா அல்லா என்று கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது வண்டி கல்லைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. சார் பையை நழுவவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். டீச்சர் அவரைத் தொடக்கூட விடவில்லை.

"தள்ளி நில்லுங்க, மறுபடி ஏறிட்டு வாரேன்."

சார் தனியாக வந்தது

அடுத்த வாரம் சார் மட்டும் கடைக்கு வந்தார். கையில் போனை எடுத்ததைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. "மறுபடி ஹேண்டில்ல கை வச்சிட்டீங்களா சார்?" என்று பாய்ந்தேன். அவர் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். அவர் வீட்டு வாசல். ஒரு பக்கத்துத் தூண் இடிந்து கிடந்தது, செங்கல் சிதறிக் கிடந்தது, கிரில் கேட் துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. நடுவில் டீச்சர், சைக்கிளின் கழுத்தைத் திருப்பாமல் நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்.

"ஹேண்டிலத் தொடவே இல்ல பாய், இந்தத் தடவ கேட்டத்தான் அறுத்தேன்."

இப்போதெல்லாம் கடைக்குள் யார் வந்து சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாலும், ஆள் உயரத்தை அளப்பதற்கு முன்னால் வீட்டு வாசல் எவ்வளவு அகலம் என்று விசாரித்துவிடுகிறேன்.