அரியரத்தினத்தின் முதல் பியர்

பாரிஸின் லா சப்பலில் தவரத்தினத்தின் சாப்பாட்டுக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று பின்னேரம் குசினி மேசையில் ஒரு பியர் போத்தலும் மூன்று குவளைகளும் இருந்தன. காய்ச்சியவர் சமையற்காரர் அரியரத்தினம். அவர் துடைத்த குவளைகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பியர் கெட்டுப்போனால் உலகம் இடிந்துவிடாது. முதலாளி தவரத்தினத்துக்கு அவர் மகள் நத்தார்ப் பண்டிகைக்குப் பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுக்க, "உன்ர கைக்கு வராதது ஒண்டுமில்லை அரியம்" என்று அவர் அதை இவர் தலையில் கட்டிவிட்டார். கெட்டால் கொட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கெட்டதா நல்லதா என்று கண்டுபிடிக்க அரியரத்தினத்திடம் மூக்கு இல்லை. குளிர்காலத்துக் காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. உப்பு, புளி, உறைப்பு நாக்குக்குத் தெரிகிறது. மணம் அறவே இல்லை. கறித்தூள் வறுபடும் நிறத்தையும் கடுகு வெடிக்கும் சத்தத்தையும் வைத்து எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கல்லாவில் நிற்கும் மனைவி யசோதினிக்குக்கூடச் சொல்லவில்லை. முன்பிருந்த சமையற்காரருக்கும் இதே கதிதான். "மணம் தெரியாத ஆளைக் குசினியிலை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று தவரத்தினம் அவரை அனுப்பிவிட்டார். பிரெஞ்சு வாய்க்குள் நுழையாத அரியரத்தினம் இந்த வயதில் வேறு எந்தக் குசினியைத் தேடிப் போவார்?

தவரத்தினம் போத்தலைத் திறந்து மூன்றிலும் ஊற்றினார். நுரை பொங்கியது. நிறமும் நன்றாகவே இருந்தது. அரியரத்தினத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"காய்ச்சினவன்தான் முதலிலை குடிக்க வேணும்," என்றார் தவரத்தினம்.

அரியரத்தினம் ஒரு மிடறு குடித்தார். கைத்தது. பியர் கைக்கத்தானே வேண்டும்? கொஞ்சம் புளித்தது. அது புளிக்கலாமா, கூடாதா? தவரத்தினமும் யசோதினியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாயிருக்கு அண்ணை. மணமும் திறம்."

யசோதினி குவளையை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள். தவரத்தினம் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடாப்பா, தேசிக்காய் ஊறுகாய் மணக்குது."

அரியரத்தினத்துக்கு வாளி நினைவு வந்தது. பெட்டியோடு வந்த சாடி போதாதென்று, கடைக்கு ஊறுகாய் வரும் பெரிய பிளாஸ்டிக் வாளியில்தான் புளிக்க வைத்திருந்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வாளி பளிச்சென்று இருந்தது.

"உனக்கு மணக்கேல்லையோ?" முதலாளியின் குரலில் இப்போது சிரிப்பில்லை.

அரியரத்தினம் குவளையைத் திரும்ப மூக்கருகே கொண்டுபோனார்.

"அவருக்கு மணக்காமலோ அண்ணை," என்றாள் யசோதினி. "வாளியை எடுத்துக் குடுத்தது நான். நீங்கள் என்னைப் பேசிப்போடுவீங்கள் எண்டு மூடி மறைக்கிறார்."

தவரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். "மனிசிக்காக இதையும் குடிக்கிறாய், என்ன?" மிச்சத்தைக் கொட்டச் சொல்லிவிட்டு, சிகரெட் பிடிக்க வாசலுக்குப் போனார்.

அந்த வாளியை அவள் தொட்டதே இல்லை.

யசோதினி குழாயைத் திறந்துவிட்டு, அவரைப் பார்க்காமலே கேட்டாள். "எப்ப தொடக்கம்?"

"அந்தக் காய்ச்சலோடை."

குவளைகளைக் கழுவிக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபமா, அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நாளையிலை இருந்து தாளிக்கேக்கை, தண்ணி வேணுமெண்டு என்னைக் கூப்பிடுங்கோ. நான் வந்து மணந்து பாத்திட்டுப் போறன்."

"ஓம்," என்றார் அரியரத்தினம். மிச்சப் பியரை எடுத்துத் தொட்டிக்குள் கொட்டினார்.