மேனேஜருக்கு வந்த கட்டி

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவளை இடுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கி வைப்பாள். பார்க்கிற நமக்குத்தான் உள்ளங்கை எரியும். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய சொந்தத் தம்பி. அப்போதெல்லாம் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர்கள் வீடு என் கடைக்கு நேர் மேலே. என் கடையைத் தாண்டாமல் யாரும் படியேற முடியாது என்பதால் எல்லார் வீட்டுச் சங்கதியும் என் காதில் விழுந்துவிடும். ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த வீட்டில் ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது? வாரக்கணக்கில் பாத்திரச் சத்தம்தான் கேட்கும்.

இடுக்கிக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்த விரிப்பைப் பெரிய சூடான உருளைக்குள் இரண்டு பேர் விடுவார்கள். அந்தப் பக்கம் அது ஆவி பறக்க வெளியே வரும்போது முனை இரண்டையும் பிடித்து இழுத்து மடித்துப் போடவேண்டும். அந்தப் பக்கத்து ஆள் இவள். இளவயதில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதற்கப்புறம் உருளைக்கு முன்னால் போய் நின்றவள், தலை நரைத்தும் அங்கேயேதான் நிற்கிறாள். எப்படி இருக்கே என்று கேட்டால் "இருக்கேன்" என்பாள். அதோடு சரி. இன்னொரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறவர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ஆள். அவருக்கு எல்லாம் அரை மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கவேண்டும். செருப்பைக்கூட அளந்துதான் கழற்றி வைப்பார்.

மூன்றாவது ஆள் மேனேஜர். வெள்ளையும் கறுப்புமாக ஒரு பெண் பூனை. இவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஜன்னல் வழியாக வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டது. வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துப் பார்த்ததால் அம்மாதான் அந்தப் பெயரை வைத்தார்.

அம்மா அந்த வருஷமே போய்விட்டார். அக்குளுக்குக் கீழே கட்டி. கண்டுபிடித்தபோது உள்ளுக்குள் பரவிவிட்டிருந்தது. இது ரொம்ப மாசமாகவே இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நானும் அங்கே இருந்தேன். தம்பி அக்காளைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துச் சொன்னார்.

"தினமும் குளிப்பாட்டின கை. அவ்ளோ பெரிய கட்டி கைக்குத் தெரியாமலா போகும்?"

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவள் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் எவ்வளவு நாள் ஊமையாக இருக்கமுடியும்? பேச்சு பூனை வழியாகப் போக ஆரம்பித்தது.

"மேனேஜர், சாப்பாடு எடுத்து வச்சாச்சு. வேணுங்கறவங்க வந்து சாப்பிடலாம்னு சொல்லு."

"மேனேஜர், குழாய் ஒழுகுது, நாளைக்கு ஆள் வருவான், வீட்ல இருக்கணும்னு சொல்லு."

பூனை நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. அந்த வீட்டில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்தாலாவது அடித்துக்கொண்டு சேர்ந்துவிடுவார்கள். இரண்டு பேரும் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பூனையும் இல்லாமல் போனால் அங்கே பேச்சு என்று ஒன்று இருக்கவே இருக்காது. இது எனக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் மேனேஜருக்குக் கட்டி வந்தது.

இடுக்கி அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஊசி போட்ட பிடரியில் கொஞ்ச நாளில் ஒரு வீக்கம் தெரிந்தது. இப்படி வீங்கும், சில வாரத்தில் வற்றிவிடும், வற்றாவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் பூனைக்கு முதுகும் வயிறும் சீவிவிடும்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் தம்பி மேனேஜரிடம் சொன்னார்: "மேனேஜர், கட்டி பெருசாகுதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள்: "மேனேஜர், அது வத்திக்கிட்டு வருதுன்னு சொல்லு."

அடுத்த வாரமும் இதே பேச்சு. அதற்கடுத்த வாரமும் இதேதான். அப்புறம் ஆளுக்கொரு நேரம் என் கடைக்கு வந்து புலம்ப ஆரம்பித்தார்கள்.

"மறுபடியும் அதே கதை" என்றார் தம்பி. ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த காகிதத்தை நாலாக மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "தினமும் சீவி விடறா. தெரியாமயா இருக்கும்? கண்ணு முன்னால இருக்கறத இல்லங்கறா."

"அவனுக்கு என்னைக் குத்திக்காட்ட இன்னொரு கட்டி கெடச்சிருச்சு" என்றாள் இடுக்கி. அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பூனையத் தொட்டுப் பாத்தா தீர்ந்துச்சே! எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றேன். காதில் வாங்கினால்தானே.

இதற்கிடையில் கட்டடத்தில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். பிதுக்கி விடு என்றான் ஒருவன். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடு என்றாள் மூன்றாம் மாடிக்காரி. மிச்ச வீக்கமும் சீக்கிரம் வற்றட்டும் என்று இடுக்கிக்கு இரண்டாவது யோசனை பிடித்துவிட்டது.

அன்றைக்கு விடுமுறை. மேலேயிருந்து பூனை போட்ட அலறலில் நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மேனேஜர் கட்டிலுக்கு அடியில். தரையில் பாத்திரத்தில் தண்ணீர் ஆவி பறக்கிறது. இடுக்கி நனைந்த துணியோடு மண்டியிட்டிருக்கிறாள். தம்பி தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மேனேஜர், உன்னைக் கொல்லத்தான் பாக்கறாங்கன்னு சொல்லு! மனசாட்சியே இல்லயான்னு கேளு!"

"சுடவே இல்லையே" என்றாள் அவள். "நான் தொட்டுப் பாத்துட்டுத்தானே வச்சேன்."

நான் பாத்திரத்தில் விரலை விட்டு, ஐயோ என்று உதறினேன். எனக்கும் அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லாத ஜீவனிடம் போய் இப்படியா?

"போதும்! நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "பூனையக் கூடையில போடுங்க. இப்பவே டாக்டர்கிட்டப் போறோம். வராதவங்க இனிமே என் கடைப் படிய மிதிக்கக் கூடாது."

ஆட்டோவில் நான் நடுவில். கூடை என் மடியில். இடமும் வலமும் இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மிருக டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையை மேஜைமேல் நிறுத்திப் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். சூடு பட்ட தோல் லேசாகச் சிவந்திருந்தது. அதற்கு மருந்து தடவினார். "ஊசி போட்ட வீக்கம் அனேகமாப் போயிருச்சு. நல்லாதான் இருக்கு. இனிமே ஒத்தடம் எல்லாம் வேண்டாம்" என்றார்.

இடுக்கி தம்பி பக்கம் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

"அது இல்ல டாக்டர்" என்றார் தம்பி. "வயித்துல இருக்கே."

"வயித்துலயா?" என்றாள் இடுக்கி.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை வாரமாக ஒருத்தி பிடரியைச் சொல்லியிருக்கிறாள், ஒருவர் வயிற்றைச் சொல்லியிருக்கிறார். எங்கே என்று பூனையிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

டாக்டர் பூனையை மெல்லச் சாய்த்து வயிற்று முடிக்குள் விரலை ஓட்டினார். கடைசி முலைக்காம்புக்குப் பக்கத்தில் நின்றது விரல். முகம் கொஞ்சம் மாறியது. "இதுதான் கவனிக்கவேண்டியது. பெண் பூனைக்கு இந்த இடத்துல கட்டி வந்தா பெரும்பாலும் கெட்ட கட்டியாத்தான் இருக்கும். காத்திருக்கக் கூடாது. இப்ப பட்டாணி அளவுதான் இருக்கு. சின்னதா இருக்கும்போதே அந்தப் பக்கத்து முலை வரிசையோட எடுத்துரணும், எடுத்ததச் சோதனைக்கு அனுப்பணும்." பிறகு இடுக்கியைப் பார்த்து, "நீங்கதான் தினமும் சீவுறீங்களா? வாரம் ஒரு தடவை இப்படித் தடவிப் பாத்துருங்க. கைய இப்படி வைங்க" என்று அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"தெரியுதா?"

இடுக்கி தடவினாள். "எங்க?"

"இங்கதான். இப்ப உங்க விரலுக்கு நேர் கீழ."

"வழவழன்னு இருக்கு. ஒண்ணும் இல்லையே டாக்டர்."

நான் எட்டிக் கையை விட்டேன். தொட்டவுடனேயே எனக்குத் தட்டுப்பட்டது, சட்டைத் துணிக்கு அடியில் பித்தான் இருக்கிற மாதிரி. டாக்டர் இடுக்கியின் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். மழமழவென்று, ரேகையே இல்லாமல் இருந்தன. அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த பேனாவின் முனையால் ஒவ்வொரு விரலாகக் குத்தினார்.

"எந்த விரல்?"

"இன்னும் நீங்க தொடலையே" என்றாள் இடுக்கி.

டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"தெரியல. வேலை செஞ்ச கை எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன்."

தம்பி மேஜைக்குக் கிட்டே வந்தார். கொதிக்கிற பாத்திரத்தை அவள் தூக்கியபோதெல்லாம் சிரித்தவர் அவர். பெயர் வைத்தவர் அவர். அரை மில்லிமீட்டர் தப்பினால் கண்டுபிடிக்கிற மனிதர். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தார்.

"அக்கா. அம்மாவக் குளிப்பாட்டும்போதும் இப்படித்தானா?"

அவள் கண்ணைத் திறந்தாள். தன்னை யாரோ கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குப் புரிய நேரமானது.

"சோப்புப் போட்டு நல்லாத்தான்டா தேச்சேன்" என்றாள். "நீ சொன்னதுக்கப்புறம் நானும் தினமும் யோசிச்சுப் பாத்தேன். எங்கயும் எதுவும் தட்டுப்பட்ட ஞாபகம் இல்ல. மனசில்லாம தேச்சிருக்கேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன், சம்பந்தமே இல்லாத ஜெராக்ஸ் கடைக்காரி.

மேனேஜருக்கு அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. சோதனையில் கெட்ட கட்டி என்றுதான் வந்தது. சின்னதிலேயே எடுத்துவிட்டோம், இனி விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், உறுதியாக எதுவும் சொல்லமுடியாது என்றார் டாக்டர். கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு பூனை வீட்டுக்கு வந்து வழக்கம்போல நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்தது. இப்போது அதனிடம் யாரும் எதுவும் சொல்லியனுப்புவதில்லை. இடுக்கியின் கையை ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்று அவர் சொன்னாராம். "சரி" என்றாளாம் இவள். வேலையை மட்டும் உருளையிலிருந்து கணக்கெடுக்கும் பக்கம் மாற்றிக் கேட்டிருக்கிறாள்.

நேற்று மேலே போயிருந்தேன். தம்பி மேனேஜரை மடியில் போட்டு வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒண்ணும் தட்டுப்படல" என்றார். அவள் "ம்" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் பாட்டுக்கு வெறுங்கையை நீட்டினாள்.

"அக்கா! துணி எடு, துணி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பூனை மடியிலிருந்து குதித்து ஓடியது.

"சுடலடா" என்றாள் அவள்.

"சுடலங்கறதாலதான் சொல்றேன்" என்றார் அவர்.