ஒன்பதாம் பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். வைத்தவர் மேனேஜர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அவள் கோபித்துக்கொண்டிருக்கமாட்டாள். பத்தொன்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் உட்கார்ந்து, மூச்சு விடுகிற விதத்திலேயே எந்த டாக்டர் என்று கண்டுபிடித்தவள். பிறகு அந்த நாற்காலியில் ஒரு மெஷினை உட்காரவைத்தார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்தாள். கல்யாணம் அமையாமல் போனதுகூட அவளை அவ்வளவாக வாட்டவில்லை. வேலை போனதுதான் உறைத்தது.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன். நானூறு ஏக்கர் மரத்தோட்டம் ஒன்றில் அவன் காவல்காரன். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். முதலாளி அந்த நிலத்தை இரண்டே முறை பார்த்திருக்கிறார், அதிலும் ஒரு முறை விமான ஜன்னல் வழியாக என்பது அலுவலகத்தில் ஓடும் கேலி. ஐந்து கிலோமீட்டர் வேலிக்கு ஒரே ஆள். மரம் வெட்டுகிறவனும் மண் அள்ளுகிறவனும் அவன் இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நுழைந்தார்கள். கேமரா மாட்டிப் பார்த்தார்கள்; வந்தவர்கள் முதலில் கேமராவைத் திருடினார்கள். கடைசியில் வேலிக்கம்பங்களில் பன்னிரண்டு ஒலிப்பதிவுப் பெட்டிகளை மாட்டினார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான், பார்த்தால் யாரும் சீண்டமாட்டார்கள். பகல் முழுக்கக் கேட்டதை அவை ராத்திரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பம்ப்செட் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில், ஹெட்போனை இறுக்கிக்கொண்டு அவள் கேட்பாள்.

வேலையில் கெட்டிக்காரி. காலடியை வைத்தே சுமையோடு போகிறானா வெறுங்கையோடு போகிறானா என்று சொல்லிவிடுவாள். முதல் மாதமே, 'இரண்டு பேர், ஒருவர் நொண்டுகிறார்' என்று எழுதிக் கொடுத்தாள். போலீஸ் பிடித்தபோது ஒருவன் நொண்டத்தான் செய்தான். அன்றுதான் மேனேஜர் பெயர் வைத்தார்.

தொல்லை என்று பார்த்தால் அண்ணன்தான் தொல்லை. வாய் ஓயாதவன். தோட்டத்துக் கொட்டகையில் தனியாக ஆறு நாள், வீட்டில் ஞாயிறு ஒரு நாள் என்று இருந்தவனுக்குப் பெட்டிகள் பேச்சுத்துணை ஆகிவிட்டன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது நின்று, "பாப்பா, மூணாம் பெட்டி. சாப்பிட்டியா?" என்பான். நாற்பத்தாறு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அடுத்த பெட்டியில் முயல் பார்த்த கதை, அதற்கடுத்ததில் அண்ணியைப் பற்றிப் புகார். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாள். ஆனால் பன்னிரண்டு பெட்டி, நாளுக்கு நாலு சுற்று. நேரம் போதவில்லை.

கம்ப்யூட்டர் சத்தத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும். தெரியாத குரல் என்றால் சிவப்பு, நம் ஆள் என்றால் பச்சை. எது நம் ஆள் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவள். அண்ணன் குரலை இருபது துண்டாக வெட்டிப் போட்டுப் பழக்கினாள். அதன்பின் அவன் இருமினாலும் பச்சை. பச்சையைக் கேட்கவேண்டியதில்லை, தாண்டிவிடலாம்.

இதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "முயல் விஷயம் கேட்டியா பாப்பா?" என்று கேட்பான். கேட்டேன் கேட்டேன் என்பாள். அவன் முகம் மலர்ந்துபோகும்.

அந்தப் புதன்கிழமை காலை, முந்தின நாள் பதிவைத் திறந்தாள். ஒன்பதாம் பெட்டியில் பத்து மணியிலிருந்து பொழுது சாயும்வரை விட்டு விட்டுப் பச்சை. பத்து மணிக்குப் பிறகு மற்றப் பெட்டிகளில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐயா சுற்றுக்குப் போகாமல் ஒரே நிழலில் உட்கார்ந்து நாள் பூராவும் கதையடித்திருக்கிறார். மேனேஜர் கண்ணில் பட்டால் அண்ணனுக்கு வேட்டு வைத்துவிடுவார் என்று பயந்து, அவனைக் காப்பாற்ற நினைத்து, அறிக்கையில் 'நம் ஆள், சுற்று வழக்கம்போல்' என்று எழுதினாள். தங்கை செய்கிற காரியம்தான். வேறு யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், காவல்காரன் சுற்றுக்குப் போகவில்லை என்று போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

வியாழன் காலை அவள் ஹெட்போனை எடுப்பதற்கு முன்பே, தோட்டத்துக்கு வந்த டிராக்டர்காரர் போன் செய்துவிட்டார். ஒன்பதாம் பெட்டிக்கு ஆறடி தள்ளி, புல் மூடிக் கிடந்த பழைய குழி ஒன்றில் அண்ணன் கிடந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது. செல்போன் கொட்டகையில் சார்ஜில் இருந்தது. புதன் ராத்திரி உயிர் போயிருக்கும், ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

பதிவில் ஏதாவது இருந்ததா என்று மேனேஜர் கேட்டார். அந்நிய ஆள் யாரும் வரவில்லை என்றாள். அது பொய்யில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை, ஆனால் எதிரில் வைத்தால் சாப்பிட்டாள். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி உடம்பு முழுக்கக் கிடந்தது. புதிய காவல்காரர் பேசாத மனிதர். கோடுகள் நேராக ஓடின. வாரா வாரம் அண்ணியைப் பார்க்கப் போனாள். ஒவ்வொரு முறையும் அண்ணி ஒன்றையே கேட்டாள். அவர் கூப்பிட்டாரா, கடைசியாக ஏதாவது சொன்னாரா. இன்னும் கேட்கவில்லை அண்ணி என்றாள். அதுவும் பொய்யில்லை. அந்த இரண்டு நாள் பதிவை அவள் தொடவே இல்லை.

பதிவுகள் முப்பது நாளில் தாமாக அழிந்துவிடும். சும்மா இருந்தால் போதும், அவள் எழுதிய ஒற்றை வரியைத் தவிர எதுவும் மிஞ்சாது. யாருக்கும் தெரியப்போவதில்லை, அண்ணியும் அவளை ஒதுக்கப்போவதில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்த உறவும் அண்ணி ஒருத்திதான். இருபத்தொன்பதாம் நாள் காலை அவள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கால்கள் போயின, அவளும் போனாள்.

செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்து, ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் புல் சரசரக்கும் சத்தம். பிறகு நீளமாக ஒரு முனகல். பிறகு அவன் குரல்.

"பாப்பா, ஒன்பதாம் பெட்டி. குழியில விழுந்துட்டேன். கால் போச்சுன்னு நினைக்கிறேன். மேனேஜர்கிட்ட சொல்லி வண்டி அனுப்பச் சொல்லு."

சாயங்காலம் வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். நடுவில் ஒரு முறை, அண்ணியிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், பயந்துவிடுவாள் என்றான். பொழுது சாயும்போது குரல் தெளிவாகவே இருந்தது.

"சரி, நாளைக்குத்தான் நீ கேப்ப. ஒம்பது மணிக்கு வந்து உக்காருவ. ஒரு ராத்திரிதானே, தாங்கிக்கலாம்."

அவள் புதன்கிழமையைத் திறந்தாள். காலையில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பத்தேகாலுக்குச் சின்னதாக ஒரு பச்சை.

"இந்நேரம் கேட்டிருப்ப பாப்பா. வண்டி கிளம்பியிருக்கும்."

கீழே ரிப்பேர் கடையில் ஒரு மோட்டாரைப் போட்டு நிறுத்தினார்கள்.

"இது ஓடுறப்ப நீ எங்க இருந்த?" என்றாள் அண்ணி.

"இங்கதான் இருந்தேன் அண்ணி. பச்சைக் கோடு பாத்தேன். அண்ணன் வேலை செய்யாம உக்காந்து பேசிட்டு இருக்குன்னு நினைச்சேன். மேனேஜருக்குத் தெரியக்கூடாதுன்னு நல்லபடியா எழுதிட்டேன். கேக்கல."

வார்த்தைகள் அறிக்கை வாசிக்கிற மாதிரி வெளியே வந்தன. அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அவரு ஒரு வார்த்தை உன்னைத் திட்டியிருக்கலாம்" என்றாள் அண்ணி. "எனக்குத் திட்ட ஒரு வழி இருந்திருக்கும்."

திரையில் புதன்கிழமை மாலை வரைக்கும் இன்னும் பதினோரு பச்சைத் துண்டுகள் இருந்தன, ஒன்றைவிட ஒன்று சின்னதாக. அண்ணி முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரியாக உட்கார்ந்தாள். அடுத்ததைப் போடு என்றாள்.